சேலத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு சின்னப் பார்சல்: புதிய இறக்குமதி வரி யார் தலையில் விழுகிறது?

2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. கடிதம், ஆவணம், 100 டாலர் வரையிலான அன்பளிப்பு ஆகியவற்றுக்கு முதலில் அனுமதி இருந்தது. சில நாட்களில் அதுவும் நின்றது. அக்டோபர் 15 அன்று சேவை மறுபடி தொடங்கியபோது புது நிபந்தனை ஒன்று சேர்ந்திருந்தது: அமெரிக்காவில் கட்ட வேண்டிய வரியை, பார்சல் போடும்போதே இங்கே கட்டிவிட வேண்டும்.

இளம்பிள்ளையில் சேலை நெய்து வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவர்கள், ஏற்காட்டில் காபித் தூளும் மிளகும் பொட்டலம் கட்டி அனுப்புபவர்கள், நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்பும் பெற்றோர் என எல்லோரையும் இது குழப்பியது. "50 சதவீத வரி" என்ற ஒரே செய்தியை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். எதன் மேல் 50? யார் கட்டுவது? பலகாரத்துக்கும் உண்டா? அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள கணக்குகள் 2025 அக்டோபர் விகிதத்தில் போட்டவை. இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரி அந்த ஒரே ஆண்டில் ஏப்ரலில் 10 சதவீதம், ஆகஸ்ட் 7-ல் 25, ஆகஸ்ட் 27-ல் 50 என்று மூன்று படி ஏறியது. அந்த 50 சதவீதம் 2026-ல் மாறிவிட்டது, இனியும் மாறக்கூடியதுதான். ஆகவே எண்ணை மனப்பாடம் செய்யாமல், கணக்குப் போடும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விகிதம் மாறினால் புது எண்ணைப் போட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம்.

தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

1. அறிவிப்பு மதிப்பு: பார்சலின் மேல் ஒட்டும் சுங்கப் படிவத்தில் நாம் எழுதும் பொருளின் விலை. வாங்குபவர் உண்மையில் கொடுத்த விலைதான் இங்கே வர வேண்டும்.

2. எஃப்.ஓ.பி. மதிப்பு: வெளிநாட்டுக்குக் கொண்டுசேர்க்கும் செலவு சேராத, பொருளின் விலை மட்டும். அமெரிக்கா இதன் மேல்தான் வரி போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கொண்டுசேர்க்கும் செலவையும் சேர்த்து வரி போடுவார்கள். சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் சிறு வியாபாரிக்கு இதில் நிறையப் பணம் இருக்கிறது. பின்னால் பார்ப்போம்.

3. டி மினிமிஸ்: ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே உள்ள பார்சலுக்கு வரியும் வேண்டாம், விரிவான கணக்கும் வேண்டாம் என்று விட்டுவிடும் வரம்பு.

4. டிடிபி: வரியை அனுப்புபவர் முன்கூட்டியே கட்டிவிடும் முறை. வாங்குபவர் வீட்டு வாசலில் பணம் கட்ட வேண்டியதில்லை.

5. எச்.எஸ். கோடு: ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள சுங்க எண். ஜிஎஸ்டி பில்லில் போடும் எச்.எஸ்.என். எண்ணின் முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொதுவானது. ஆக, ஜிஎஸ்டி பில் போடுகிறவர்களுக்கு இது ஏற்கெனவே பழக்கமானதுதான்.

6. மூல நாடு: பொருள் எங்கே உருவானதோ அந்த நாடு. வரி விகிதத்தை முடிவு செய்வது இதுதான், பார்சல் எங்கிருந்து கிளம்பியது என்பது அல்ல. இளம்பிள்ளைச் சேலையைச் சிங்கப்பூரில் உள்ள மச்சான் வழியாக அனுப்பினாலும் அது இந்தியச் சேலைதான், இந்திய விகிதம்தான். சீனாவில் செய்த மணியையும் பாசியையும் இங்கே வாங்கி, பெட்டி மாற்றி அனுப்பினால், அதற்குச் சீன விகிதம்.

800 டாலர் விலக்கு: வந்த கதையும் போன கதையும்

அமெரிக்காவில் இந்த விலக்கு 1938-ல் வந்தது. வரம்பு அப்போது வெறும் 1 டாலர். ஒரு டாலர் சாமானுக்குச் சில காசு வரி வாங்க அதைவிட அதிகமாகச் செலவு செய்வது வீண் என்பதுதான் அதன் பின்னால் இருந்த நியாயம். 1990-களில் வரம்பு 200 டாலர் ஆனது. 2016-ல் அதை ஒரேயடியாக 800 டாலராக உயர்த்தினார்கள். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் 70,400 ரூபாய். சேலத்திலிருந்து தனி மனிதர்களுக்குப் போகும் பார்சலில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

அதே காலத்தில் இணைய வணிகம் வெடித்துப் பெருகியது. 2015-ல் சுமார் 13.4 கோடியாக இருந்த இத்தகைய பார்சல்கள் 2024-ல் 136 கோடியைத் தாண்டின. பெரும்பகுதி சீனாவிலிருந்து போனவை. போதைப்பொருள் நுழைகிறது, உள்ளூர்க் கடைக்காரர் வரி கட்டும்போது வெளிநாட்டு இணையக் கடை வரியே இல்லாமல் விற்கிறது என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2025 மே 2-ல் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் விலக்கு நின்றது. ஜூலை 30-ல் வந்த அதிபர் உத்தரவு, ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அதை நிறுத்தியது.

இந்தியாவும் இதே போன்ற ஒன்றைச் செய்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து 5,000 ரூபாய் வரை அன்பளிப்பாக வரும் பொருளுக்கு ஒரு காலத்தில் வரி இல்லை. சீன இணையக் கடைகள் விற்பனைச் சரக்கையே அன்பளிப்பு என்று எழுதி அனுப்பியதால், 2019 டிசம்பரில் அது எடுக்கப்பட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு மிஞ்சியது.

இங்கே கவனிக்க வேண்டியது, போனது வரிவிலக்கு மட்டும் அல்ல என்பது. என் பார்வையில், சிறு வியாபாரிக்கு அதைவிடப் பெரிய உதவியாக இருந்தது கணக்கு விலக்கு. என்ன பொருள், எந்தக் கோடு, எந்த நாடு, யார் வரி கட்டுவார் என்ற எந்தக் கேள்வியும் இல்லாமல் பார்சல் போய்க்கொண்டிருந்தது. கன்டெய்னரில் அனுப்பும் பெரிய ஏற்றுமதியாளர் இந்தக் கேள்விகளுக்கு எப்போதும் பதில் எழுதித்தான் வந்திருக்கிறார், அதற்கென்று ஆள் வைத்திருக்கிறார். 2,000 ரூபாய்ப் பொட்டலம் கட்டுபவரிடம் இப்போதுதான் முதல் முறையாக அதே கேள்விகளைக் கேட்கிறார்கள்.

தபால் ஏன் அடியோடு நின்றது?

வரி போட்டால் விலை ஏறும், புரிகிறது. சேவையே ஏன் நின்றது?

சேலத்தில் போடும் பார்சல் சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கச் சோதனை முடிந்து, விமானத்தில் ஏறி, அங்கே அமெரிக்க அஞ்சல் துறையின் கைக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் சின்னப் பார்சலுக்கு வரி வசூலிக்கும் ஆள் யாரும் இல்லை, ஏனென்றால் தேவையே இருந்ததில்லை. புது உத்தரவு அந்தப் பொறுப்பை, பார்சலைச் சுமந்து வரும் நிறுவனம் அல்லது அமெரிக்கச் சுங்கத் துறை அங்கீகரித்த இடைத்தரப்பு மேல் வைத்தது. அதற்கான வழிகாட்டுதல் வெளியானது ஆகஸ்ட் 15-ல். நடைமுறைக்கு வரும் நாள் ஆகஸ்ட் 29. அவ்வளவு குறுகிய காலத்தில் எங்களால் தயாராக முடியாது என்று விமான நிறுவனங்கள் கையை விரித்தன.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்குப் போன தபால், முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டால் 81 சதவீதம் குறைந்ததாக உலக அஞ்சல் ஒன்றியம் தெரிவித்தது. 88 அஞ்சல் அமைப்புகள் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தியிருந்தன.

அக்டோபர் 15-ல் இந்திய அஞ்சல் துறை திரும்பி வந்தது டிடிபி முறையோடுதான். வரியை இங்கேயே வாங்கி, அங்கீகாரம் பெற்ற தரப்பு வழியாக அமெரிக்கச் சுங்கத் துறைக்குச் சேர்க்கிறது. இந்தச் சேவைக்காக அனுப்புபவரிடம் தனிக் கட்டணம் இல்லை என்றும் அறிவித்தது. சிறு வியாபாரிகளுக்கு இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

எதன் மேல் எவ்வளவு?

2025 அக்டோபரில் இருந்த 50 சதவீதம் என்பது இரண்டு 25-களின் கூட்டல். ஒன்று, நாட்டுக்கு நாடு அமெரிக்கா தனித்தனியாக விதித்த பரஸ்பர வரி. இன்னொன்று, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி மேலே ஏற்றியது. தபாலில் போகும் பார்சலுக்கு எஃப்.ஓ.பி. மதிப்பின் மேல் அப்போது இந்த 50 மட்டும்தான், பொருளுக்கென்று உள்ள வழக்கமான வரி சேரவில்லை. கூரியரில் போனால் வழக்கமான வரியும் சேரும்.

உத்தரவில் தபாலுக்கு இன்னொரு தற்காலிக வழியும் இருந்தது: சதவீதத்துக்குப் பதில் பொருளுக்கு 80, 160 அல்லது 200 டாலர் என்று நிலையான தொகை, ஆறு மாதத்துக்கு. இந்தியா இருந்த விகிதத்துக்கு அது 200 டாலர். 2,000 ரூபாய்ப் பொட்டலத்துக்கு 17,600 ரூபாய் வரி என்றால் யாரும் அனுப்ப மாட்டார்கள். 400 டாலருக்குக் கீழே எந்தப் பொருளுக்கும் சதவீத முறைதான் லாபம். நம் அஞ்சல் துறை அதையே எடுத்தது.

சரி, கணக்குக்கு வருவோம். தபால் செலவு 1,500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

ஏற்காடு காபித் தூளும் மிளகும் 2,000 ரூபாய்க்கு. முன்பு வாங்குபவர் கொடுத்தது 3,500. 50 சதவீத வரி வந்ததும் 1,000 ரூபாய் வரியும் சேர்ந்து 4,500. அவருக்கு ஏறியது சுமார் 29 சதவீதம்.

இளம்பிள்ளைச் சேலை 12,000 ரூபாய்க்கு. முன்பு 13,500. 50 சதவீத வரி வந்ததும் வரி 6,000, மொத்தம் 19,500. ஏறியது 44 சதவீதம்.

வரி விகிதம் ஒன்றுதான், அடி வேறு வேறு. எடை குறைந்து விலை கூடிய பொருளுக்கு வரி பலமாக விழுகிறது. மலிவாகவும் கனமாகவும் இருக்கும் பொருளில் ஏற்கெனவே தபால் செலவு பாதியைத் தின்றுகொண்டிருந்தது, அதனால் வரியின் பங்கு கொஞ்சம் மட்டாகத் தெரிகிறது. நெசவாளிகளுக்குத்தான் இதில் அதிகப் பாடு. அவர்களுடைய உழைப்பு மொத்தமும் அந்த 12,000 ரூபாய்க்குள் இருக்கிறது, வரியும் அதன் மேல்தான் விழுகிறது.

"வரியை நாமே ஏற்றுக்கொண்டு பழைய விலைக்கே கொடுக்கலாமே" என்று சிலர் நினைக்கிறார்கள். 2,000 ரூபாய்ப் பொருளில் 500 ரூபாய் லாபம் என்றால், 1,000 ரூபாய் வரியை ஏற்க முடியாது. பாதியைக்கூட ஏற்க முடியாது, லாபம் முழுக்கப் போய்விடும். ஆனால் வேறொரு வழி இருக்கிறது. வரி விலையின் மேல் போடப்படுவதால், பொருள் விலையில் 100 ரூபாய் குறைத்தால் வாங்குபவருக்கு 150 ரூபாய் குறைகிறது. நிலையான வாடிக்கையாளரைத் தக்கவைக்க நினைப்பவர், வரியில் பங்கு போடுவதைவிட விலையில் உண்மையான தள்ளுபடி கொடுப்பது மேல்.

இலவச டெலிவரி என்ற பொறி

எஃப்.ஓ.பி. பற்றிச் சொன்னது இங்கேதான் உதவுகிறது. இணையத்தில் விற்பவர்கள் பலர் தபால் செலவையும் பொருள் விலைக்குள் நுழைத்து, "ஷிப்பிங் இலவசம்" என்று போடுகிறார்கள். வாங்குபவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் மேலே சொன்ன காபிக்கு 3,500 ரூபாய், டெலிவரி இலவசம் என்று பில் போட்டால், பொருளின் விலை 3,500 என்று ஆகிவிடுகிறது. வரி 1,750. அதையே பொருள் 2,000, தபால் 1,500 என்று தனித்தனியாகப் பில் போட்டால் வரி 1,000. ஒரு பார்சலுக்கு 750 ரூபாய் வித்தியாசம், இதில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை.

பிரிக்கும்போது தபால் செலவு உண்மையான செலவாக இருக்க வேண்டும். 500 ரூபாய்க்குப் பொருள், 3,000 ரூபாய்க்குத் தபால் என்று பிரித்தால் அது பொய்க் கணக்கு.

தபாலா, கூரியரா?

கூரியரில் வழக்கமான வரியும் சேரும் என்று பார்த்தோம். அது பொருளுக்குப் பொருள் மாறும். காபிக்கு அமெரிக்காவில் வழக்கமான வரி பூஜ்யம். ஆண்களுக்கான பருத்தித் துணிச் சட்டைக்கு 19.7 சதவீதம். ஆகவே அந்த அக்டோபர் விகிதத்தில் சட்டைக்குத் தபாலில் 50, கூரியரில் 69.7.

அப்புறம் கூரியர் நிறுவனம் சுங்க வேலைக்காகவும், நமக்காக முன்பணம் கட்டியதற்காகவும் தனிக் கட்டணம் கேட்கும். அது 15 டாலர் என்று வைத்துக்கொண்டால் 1,320 ரூபாய். 2,000 ரூபாய்ச் சட்டைக்கு வரி 1,394, கட்டணம் 1,320, மொத்தம் 2,714. சட்டையின் விலையைவிட அதிகம். வரியை முன்கூட்டிக் கட்டாமல் அனுப்பியிருந்தால் இந்த பில் வாங்குபவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். பலர் வாங்க மறுத்துவிடுவார்கள்.

பெரிய ஆர்டருக்கு, நாள் கணக்கில் அவசரம் இருந்தால், கூரியர் சரி. 40,000 ரூபாய்ச் சரக்கில் 1,320 ரூபாய் பெரிதில்லை. சின்ன ஆர்டருக்குத் தபால்தான் கட்டுப்படியாகும்.

பொருள்வாரி விதிகளும் மாறும். 2025 நவம்பரில் காபி, தேயிலை, சில மசாலாப் பொருள்கள் ஆகியவற்றை அமெரிக்கா பரஸ்பர வரியிலிருந்து எடுத்தது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் கோடு சரியாக இருந்தால்தான் பொருள்வாரிச் சலுகையைக் கேட்கவே முடியும். "உணவுப் பொருள்" என்று மொட்டையாக எழுதினால் சலுகை கிடைக்காது.

பலகாரப் பார்சல்

100 டாலர் வரையிலான உண்மையான அன்பளிப்புக்கு வரி இல்லை. இந்தச் சலுகை இப்போதும் உண்டு. மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்:

1. அனுப்புபவரும் பெறுபவரும் தனி மனிதர்களாக இருக்க வேண்டும். கடையின் பெயரில் அனுப்பினால் அன்பளிப்பு ஆகாது.
2. அதற்குப் பணம் வாங்கியிருக்கக் கூடாது. ஜிபேயில் பணம் வந்தால் அது விற்பனை.
3. ஒருவருக்கு ஒரே நாளில் போய்ச் சேருவது 100 டாலரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சலுகை போய்விடும்.

முறுக்கு, அதிரசம் என்று வீட்டில் செய்ததைப் பிள்ளைகளுக்கு அனுப்பினால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியதில்லை. அதே முறுக்கை விற்றால் முன்னறிவிப்பு வேண்டும், தயாரிக்கும் இடத்தை அந்த நிர்வாகத்தில் பதிவு செய்யவும் வேண்டும். ஜவ்வரிசி, காபித் தூள், மசாலாப் பொடி விற்பவர்கள் வரியை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். வரி கட்டிய பார்சலும் இதற்காக அமெரிக்காவுக்குள் நுழையும் இடத்தில் தடுக்கப்படலாம்.

விற்பனையை அன்பளிப்பு என்று எழுதித் தாருங்கள் என வாடிக்கையாளர் கேட்பார், 12,000-ஐ 2,000 என்று போடச் சொல்வார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். பிடிபட்டால் அபராதம், பறிமுதல். பிடிபடாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது: பார்சல் தொலைந்தால் இழப்பீடு அறிவித்த மதிப்பைத் தாண்டாது. வங்கிக்கு 12,000 வந்து, சுங்கப் படிவம் 2,000 என்று சொன்னால் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அனுப்புவதற்கு முன்

தொடர்ந்து வெளிநாட்டுக்கு விற்பவர் செய்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில. இறக்குமதி, ஏற்றுமதிக்கான ஐஇசி எண் முதலில். இணையத்திலேயே எடுக்கலாம், அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் எல்யூடி என்ற உறுதிமொழி கொடுத்து, ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் பில் போடலாம். ஏற்றுமதிக்கான அஞ்சல் படிவத்தை இணையத்தில் நிரப்பி அருகிலுள்ள அஞ்சலகத்திலேயே கொடுக்க, டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற மையங்களை அஞ்சல் துறை 2022 முதல் நடத்துகிறது. நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சேலத்தில் எந்த அஞ்சலகத்தில் வசதி இருக்கிறது என்று தலைமை அஞ்சலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கவுன்டரில் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: இன்றைய விகிதம் என்ன, எந்த மதிப்பின் மேல் போட்டிருக்கிறார்கள், வரி தனியாகத் தெரியும்படி ரசீது கிடைக்குமா. அந்த ரசீதின் படத்தை வாங்குபவருக்கு அனுப்பிவிட்டால், "எதற்கு இவ்வளவு" என்ற வாக்குவாதம் பாதி குறையும்.

இரண்டு ஆர்டரைச் சேர்த்து ஒரே பார்சலாக அனுப்பினால் வரி குறையுமா? குறையாது, சதவீதம் எப்படிப் பிரித்தாலும் சதவீதம்தான். தபால் செலவு மட்டும் மிச்சமாகும்.

மற்ற நாடுகளில்

அமெரிக்காதான் செய்தியில் அடிபடுகிறது, ஆனால் வரம்பு எல்லா இடத்திலும் சுருங்கி வருகிறது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருளுக்கும் ஜிஎஸ்டி வாங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்தது. 150 யூரோவுக்குக் கீழ் இருந்த சுங்கவரி விலக்கையும் விட்டு, 2026 ஜூலை 1 முதல் பொருள் வகைக்கு 3 யூரோ வாங்க 2025 டிசம்பரில் முடிவெடுத்தது. சிங்கப்பூர் 2023-லும் மலேசியா 2024-லும் மலிவான இணையச் சரக்கின் மேல் வரி கொண்டுவந்தன. ஆஸ்திரேலியாவிலும் இந்த இரண்டிலும் இந்த வரியை வசூலிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெரிய விற்பனைத் தளங்களுடையது. வாட்ஸ்அப்பில் மாதம் பத்துப் பார்சல் அனுப்புபவர் அந்தப் பதிவு வரம்புக்குள் வரமாட்டார்.

திரும்பி வந்தால்

டிடிபி-யில் பலர் யோசிக்காத இடம் இது. சேலையின் நிறம் பிடிக்கவில்லை என்று வாங்குபவர் திருப்பி அனுப்புகிறார். பொருள் திரும்பி வரும், கட்டிய 6,000 ரூபாய் வரி தானாகத் திரும்பி வராது. அதைக் கேட்டு வாங்கும் நடைமுறை அமெரிக்கச் சுங்கத் துறையோடு சம்பந்தப்பட்டது. ஒற்றைச் சேலைக்காக அதற்குப் பின்னால் போவது கட்டுப்படியாகாது. திரும்பி வரும் பார்சல் இந்தியச் சுங்கத்தையும் தாண்ட வேண்டும், அதற்கு இது நாம் அனுப்பிய பொருள்தான் என்று காட்ட ஏற்றுமதிப் படிவம் கையில் இருக்க வேண்டும்.

அதனால் ஆர்டர் எடுக்கும்போதே, பொருளின் விலையை மட்டும் திருப்பித் தருவோம், வரியும் தபால் செலவும் திரும்பாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். சேலையைப் பகல் வெளிச்சத்தில் படமும் வீடியோவும் எடுத்து அனுப்பி, வாங்குபவர் சரி என்று எழுதிய பிறகு பார்சல் கட்டுங்கள்.